மாணவர் அளந்த கணக்குக்குப் பள்ளி பதில் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலைத்த வளர்ச்சியை, அதாவது இயற்கை வளங்களை வருங்காலத்துக்கும் விட்டுவைத்து வளர்வதை, கற்றுத்தரப் பள்ளியில் தனிப் பாடவேளை வேண்டும், தனிப் புத்தகம் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. தனிப் பாடம் என்று வைத்தால் வாரத்துக்கு ஒரு வேளை ஒதுக்குவார்கள். தேர்வு நெருங்கியதும் அந்த வேளையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். 1977 அக்டோபரில் யுனெஸ்கோ, ஜார்ஜியாவின் தலைநகரான டிபிலிசியில் நடத்திய மாநாடே, சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பாடங்களிலும் ஊடாடி வர வேண்டியது என்று சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பெரும்பாலான பள்ளிகளில் அது இன்னும் சுவரொட்டிப் போட்டி, உறுதிமொழி என்ற அளவிலேயே நிற்கிறது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஏற்கெனவே இருக்கும் பாடத்தில், ஏற்கெனவே இருக்கும் ஒரு பயிற்சிக்குப் பதிலாக, மாணவர்கள் தங்கள் பள்ளியையே அளக்கட்டும். அளந்து வந்த எண்ணுக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தரட்டும். முதலாவதைச் செய்யவைத்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது பிள்ளைகளை ஏய்ப்பதாகும்.

கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சொட்டும் குழாய் பற்றிய கணக்கு ஏதோ ஒரு வகுப்பில் வந்தே தீரும். நொடிக்கு ஒரு சொட்டு, 1 மி.லி.க்கு 20 சொட்டு என்றால் ஒரு நாளில் எவ்வளவு வீணாகும்? ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆகவே 4.32 லிட்டர். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் 20 சொட்டு என்பது மருந்து விடும் டிராப்பரின் கணக்கு. குழாயின் வாய் அகலமானது. விளிம்பின் சுற்றளவு கூடக் கூட, நீரின் பரப்பு இழுவிசை அதிக எடையைத் தாங்கும். அதனால் சொட்டு பெருத்த பிறகே விழும். குழாய்ச் சொட்டு கால் மி.லி. வரைகூட இருக்கலாம். அப்படி இருந்தால் அதே குழாயில் போவது 21.6 லிட்டர், அதாவது ஐந்து மடங்கு. புத்தகத்தில் தந்த எண்ணை நம்பிக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது.

செய்முறை எளிது. 50 மி.லி. அளவு ஜாடியைக் குழாய்க்கு நெருக்கமாக, சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகத் தள்ளிப் பிடித்தால் சொட்டு அடியில் மோதித் தெறித்து வெளியே போகும், அளவு குறையும். ஒருவர் சொட்டுகளை எண்ண, இன்னொருவர் பத்துக்கு ஒரு கோடு போடட்டும். 100 சொட்டு ஆனதும் அளவைக் குறித்து, நூறால் வகுக்கட்டும். இதை மூன்று முறை செய்து சராசரி எடுக்கலாம். பெரும்பாலும் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். ஒரு நிமிடம் எண்ணிவிட்டு அதை 1,440ஆல் பெருக்கி ஒரு நாளின் கணக்கு என்பார்கள். மேல்நிலைத் தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் அதிகம், சொட்டும் வேகமாக விழும். தொட்டி வற்ற வற்ற வேகம் குறையும். எனவே காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை எண்ண வேண்டும். சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: பள்ளி முடிந்ததும் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மறுநாள் காலை அளப்பது. இரண்டு விடையும் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால், எங்கே பிசகியது என்று தேடுவதே அடுத்த வகுப்பு.

பிறகு குழாயைச் சரிசெய்ய வேண்டும். பல சுற்றுகள் திருகி மூடும் பழைய வகைக் குழாயில் பெரும்பாலும் தேய்ந்திருப்பது உள்ளே இருக்கும் வாஷர். வால்வை மூடி, தலையைக் கழற்றி, அதை மட்டும் மாற்றினால் போதும். கால் திருப்பில் மூடும் புதுவகையில் அந்த வாஷர் இருக்காது. உள்ளே இருக்கும் பீங்கான் தட்டுகளைக் கார்ட்ரிட்ஜோடு மாற்ற வேண்டும். பிளம்பர் செய்யும்போது மாணவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். 21 லிட்டர் வீணாகிறது என்று எழுதி ஒப்படைத்த பிள்ளை மறுமாதமும் அதே குழாய் சொட்டுவதைப் பார்த்தால், அளப்பதெல்லாம் மதிப்பெண்ணுக்குத்தான் என்று கற்றுக்கொள்கிறது. அதையும் நாம்தான் கற்றுத்தருகிறோம்.

இயற்பியலில் இதே வேலைக்கு மின்மீட்டர் இருக்கிறது. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3,200 என்பது பரவலாகக் காணப்படும் எண். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஒவ்வொரு துடிப்புக்கும் முகப்பிலுள்ள சின்ன விளக்கு ஒரு முறை மினுக்கும். ஆகவே அது ஒரு முறை மினுக்கினால் 1,125 ஜூல் செலவாகிவிட்டது என்று பொருள். இரண்டு மினுக்கலுக்கு இடையே 15 நொடி ஆனால் 1,125ஐ 15ஆல் வகுக்க, 75 வாட். ஒரு மின்விசிறி ஏறக்குறைய அவ்வளவு எடுக்கும். ஒரே ஒரு மினுக்கலை வைத்து நேரம் பார்த்தால் பிழை பெரிதாகும். பத்து மினுக்கலுக்கு ஆகும் நேரத்தைப் பத்தால் வகுக்க வேண்டும். முழுப் பள்ளிக்கும் ஒரே மீட்டர் என்றால் இது வேலைக்கு ஆகாது, யாராவது எங்காவது மோட்டார் போடுவார்கள். ஒரு வகுப்பறைக்கு மட்டும் துணை மீட்டர், அல்லது பிளக்கில் செருகும் சிறு மீட்டர் வேண்டும். மீட்டர் பெட்டியைத் திறப்பதோ கம்பியைத் தொடுவதோ மாணவர் வேலை இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கணினி அறையில் அநேகமாக மினுக்கும். 20 வாட் சும்மா ஓடினால் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கு 175 யூனிட்.

தாள் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள வகைத் தாள் என்றால் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு 2.5 கிலோ. ஒரு பருவத்துக்குப் பள்ளி அச்சடித்த சுற்றறிக்கை எத்தனை கிலோ என்பதை ஆறாம் வகுப்பே போட்டுவிடும். பழைய தாளை அரைத்துக் கையால் புதுத்தாள் செய்யும் செய்முறையைவிட, மறுபக்கம் அச்சடிக்கும் முடிவு அதிகம் மிச்சப்படுத்தும். கைத்தாள் செய்யவே கூடாது என்பதல்ல. அதற்கு ஊற்றிய தண்ணீரையும் மிக்ஸி ஓடிய நேரத்தையும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கழிவிலிருந்து கலைப்பொருள் என்று நடத்தும் போட்டிகளில் மேசைமேல் இருப்பதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். புதுத் தெர்மோகோல், புது மினுக்குத் தூள், புதுப் பசை, நடுவில் ஒரு பழைய பாட்டில். முன்பு தனியாக மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய அந்த பாட்டில், இப்போது எதோடும் சேராத குப்பை. அதையும் பாதி பெற்றோர்தான் செய்து அனுப்புகிறார்கள்.

மட்கு உரத்துக்கு வருவோம், ஏனென்றால் பள்ளிகள் அதிக உற்சாகத்தோடு தொடங்கி அதிக வேகத்தில் கைவிடுவது இதைத்தான். காரணம் பெரும்பாலும் ஒன்றே: நாற்றம். நாற்றம் வரக் காரணம், விகிதத்தை எடையில் படித்துவிட்டுக் கண்ணளவில் போடுவது.

கார்பனும் நைட்ரஜனும் 25 முதல் 30க்கு 1 என்று இருக்க வேண்டும் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். காய்கறிக் கழிவில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோவில் உலர்பொருள் 450 கிராம்தான். அதில் 40 சதவீதம் கார்பன் என்றால் 180 கிராம். விகிதம் 15 என்றால் நைட்ரஜன் 12 கிராம். காய்ந்த இலை 1 கிலோவில் ஈரம் 10 சதவீதம், மீதி 900 கிராம் உலர்பொருள், அதில் 45 சதவீதமான 405 கிராம் கார்பன். விகிதம் 60 என்றால் நைட்ரஜன் 6.75 கிராம். இரண்டையும் கூட்டினால் 585க்கு 18.75, அதாவது 31க்கு 1. ஆக எடையில் மூன்று பங்கு கழிவுக்கு ஒரு பங்கு இலை. ஆனால் 3 கிலோ கழிவு ஐந்தாறு லிட்டர் இடத்தில் அடங்கிவிடும். 1 கிலோ நொறுக்கிய சருகோ பத்து முதல் பதினைந்து லிட்டர் பிடிக்கும். கொள்ளளவில் பார்த்தால் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு சருகு! எடைக் கணக்கைக் குவளைக் கணக்காக்கி, மூன்று குவளை கழிவுக்கு ஒரு குவளை சருகு போட்டவர்கள் ஒரே வாரத்தில் வாளியை மூடி மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு, அதுதான் சுவையானது. மேலே சொன்ன கலவையில் மொத்தத் தண்ணீர் 2.65 கிலோ, 4 கிலோவில் அது 66 சதவீதம். வேண்டியது 50 முதல் 60. இன்னும் அரைக் கிலோ சருகு சேர்த்தால் ஈரம் சரியாக 60 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் கார்பன் விகிதம் 36ஐ நெருங்கும். இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது? விகிதத்தைத்தான். விகிதம் கூடினால் மட்குவது தாமதமாகும், அவ்வளவுதான். ஈரம் கூடினால் காற்றிடைவெளி அடைபட்டு, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகல் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் இந்த முடிவைத் தானாக எடுத்தாரென்றால் அந்தப் பருவத்தின் பாடம் முடிந்த மாதிரிதான்.

20 லிட்டர் வாளி, பக்கங்களிலும் அடியிலும் 6 மி.மீ. துளைகள், அடியில் 5 செ.மீ. உயரத்துக்குச் சுள்ளி. ஒவ்வொரு முறை கழிவு போட்டதும் மேலே சருகு மூடியிருக்க வேண்டும், பழ ஈ வராது. வாரம் இருமுறை கிளற வேண்டும். கையுறையோடு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. மூக்கைச் சுடும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரஜன் கூடிவிட்டது, சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை. கிளறிவிட்டுச் சருகு சேருங்கள். இரண்டு நாற்றத்துக்கும் வேறு வேறு காரணம் என்பதை வேதியியல் ஆசிரியர் விளக்க இதைவிட நல்ல வேளை வராது.

வெப்பநிலைதான் நேர்மைக்குச் சோதனை. மட்கு குவியல் 55 டிகிரிக்கு மேல் போகும், கிருமிகளும் களை விதைகளும் சாகும் என்று புத்தகத்தில் இருக்கும். வாளியில் அது நடக்காது. ஒரு கன மீட்டர் குவியலுக்கு ஒவ்வொரு கன மீட்டருக்கும் 6 சதுர மீட்டர் வெளிப்பரப்பு. 20 லிட்டரைக் கனசதுரமாக நினைத்தால் அதே கணக்கில் 22 சதுர மீட்டர். உண்டாகும் சூடு உடனுக்குடன் வெளியேறிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால், வெப்பமானியில் 34 என்று பார்த்த மாணவர் குறிப்பேட்டில் 55 என்று எழுதுவார். எழுதவைத்தது நாம். சூடேறாத வாளியில் கிருமி சாகாது என்பதால் அதில் இறைச்சி, சமைத்த மிச்சம், விலங்குக் கழிவு எதுவும் சேர்க்கக் கூடாது. கிளறுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்தால் பூஞ்சைத் தூள் பறக்காது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் கிளறும் வேலையில் விடக் கூடாது. எடை, ஈரம், கணக்கு என்று அவர்களுக்கும் வேலை ஏராளம்.

வேதியியல் ஆய்வகத்தில் செய்ய வேண்டியது குறைப்பது. ஒரு வினைக்கு 5 மி.லி. கரைசல் எடுக்கும் இடத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளின்மேல் இரண்டு சொட்டு போதும். 40 மாணவருக்கு 200 மி.லி. என்பது 4 மி.லி. ஆகிவிடும். தாளுக்கு அடியில் கறுப்புத் தாளோ வெள்ளைத் தாளோ வைத்தால் நிறமாற்றமும் வீழ்படிவும் சோதனைக் குழாயில் தெரிவது போலவே தெரியும். வாயு வெளிவரும் வினைகளுக்கும் வெப்பமானி வைத்துப் பார்க்கும் வினைகளுக்கும் இது சரிவராது. லெட் நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்து பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு தருவது எல்லோருக்கும் பிடித்த செய்முறை. அந்த மஞ்சளில் இருப்பது ஈயம். அதைத் தொட்டியில் கொட்டிக் கழுவிவிட்டு நீர்மாசு பற்றிப் பாடம் நடத்துவது அசிங்கம். இரண்டு சேர்மங்கள் தம் பாகங்களை மாற்றிக்கொள்ளும் இரட்டை இடப்பெயர்ச்சி வினையைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் போதும். வெள்ளை வீழ்படிவாகக் கிடைப்பது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். மஞ்சளின் கவர்ச்சி போய்விடும் என்பது உண்மைதான். பழைய ஈய உப்புகள் அலமாரியில் இருந்தால் பெயரெழுதி மூடிவைத்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் தர வேண்டும்.

உயிரியலில் அறம் என்பது தனி அத்தியாயம் அல்ல, செய்முறைக்குள்ளேயே இருக்கிறது. பூவின் பாகங்களைப் பார்க்க உதிர்ந்த பூவே போதும். மண்ணில் ஊரும் பூச்சிகளை எண்ண, குவளையை மண்ணில் புதைத்துக் குழிப்பொறி வைப்பதுண்டு. அதில் தண்ணீரோ சோப்போ ஊற்றாமல், கொஞ்சம் சருகு போட்டு உலர்வாக வைக்க வேண்டும். மழை நீர் வடிய அடியில் ஊசித் துளைகள், மேலே சிறு கற்களில் நிறுத்திய ஓடு. குவளையின் விளிம்பு மண் மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். இம்மியளவு மேலே நின்றாலும் எறும்பு திரும்பிப் போய்விடும், பூச்சியே இல்லாத மைதானம் என்று தப்பான முடிவு வரும். மாலையில் வைத்துக் காலையில் எண்ணி அதே இடத்தில் விட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வைத்துத் திங்கட்கிழமை திறந்தால் பாதி ஒன்றையொன்று தின்றிருக்கும், மீதி காய்ந்திருக்கும்.

பூச்சிக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும். வீட்டில் எத்தனை கார், எத்தனை ஏ.சி., கடைசியாக எப்போது விமானத்தில் போனீர்கள் என்று கேட்டுக் கார்பன் கணக்குப் போடவைக்கும் படிவங்கள் உண்டு. வகுப்பில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே பறைசாற்றுவதைத் தவிர அதனால் பயன் இல்லை. பள்ளியை அளந்தால் இந்தச் சங்கடமே வராது. மதிய உணவில் மிச்சமாவதை எடை போடுவதும் அப்படித்தான்: வகுப்புக்கு ஒரு பாத்திரம், வகுப்புக்கு ஒரு எண், யார் தட்டில் எவ்வளவு என்ற பேச்சே கூடாது. குப்பையை வகைபிரிக்கும்போது கழிப்பறைக் கழிவு அதில் கலக்காமல் முன்பே விலக்க வேண்டும். தடித்த கையுறை, இடுக்கி, முடிந்ததும் சோப்பு. துப்புரவுப் பணியாளர் செய்ய வேண்டிய வேலையைச் செய்முறை என்ற பெயரில் மாணவர் தலையில் கட்டுவதும், தண்டனையாகக் குப்பை பொறுக்கச் சொல்வதும் இதற்கு நேர் எதிரானவை. தண்டனையாகக் குப்பை தொட்ட பிள்ளை அதன்பின் குப்பையை இழிவாகத்தான் பார்க்கும், அதை அள்ளுபவரையும்.

மதிப்பெண் எதற்குத் தருவது என்பதைத் தொடங்கும்போதே முடிவுசெய்துவிட வேண்டும். எதிர்பார்த்த விடைக்கு மதிப்பெண் தந்தால் எல்லாக் குறிப்பேட்டிலும் எதிர்பார்த்த விடையே இருக்கும். அளந்த முறை, திரும்ப அளந்ததற்கான சான்று, இரண்டு அளவு விலகியதற்குச் சொன்ன காரணம், இவற்றுக்குத் தரலாம். அழுகிப்போன மட்கு வாளிக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வழி இருக்க வேண்டும், ஏன் அழுகியது என்பதை எழுதியிருந்தால்.

நிர்வாகத்தின் பக்கம் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். வகுப்பு, அளந்தது என்ன, கிடைத்த எண், என்ன செய்யக் கேட்கிறார்கள், தலைமை ஆசிரியரின் பதில், தேதி. பதினைந்து நாளுக்குள் பதில் வர வேண்டும். பணம் இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பதும் பதில்தான். மாணவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள், மௌனத்தைத்தான் தாங்க மாட்டார்கள். பாடத்திட்டம் முடியாது என்ற ஆசிரியர்களின் கவலையும் நியாயமானது. அதனால் முதல் ஆண்டில் ஒவ்வொரு பாட ஆசிரியரும் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் மாற்றினால் போதும். முக்கோணவியலிலும் இலக்கணத்திலும் சுற்றுச்சூழலை வலிந்து திணிக்க வேண்டியதில்லை, அவை தம் போக்கில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
அறிவியல், கணித ஆசிரியர்கள் சிலர்